பள்ளிக்கூடம் போகாதவரின் மறதியை எதைக் கொண்டு அளக்கிறீர்கள்?

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புறநோயாளிப் பிரிவுகளின் நெரிசலும் ஆள் பற்றாக்குறையும் தாங்கள் அறிந்தவையே. ஞாபக மறதி என்று அழைத்து வரப்படும் முதியவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை, படித்தவர்களுக்கென்று ஆக்கிய கேள்விகளால் அளப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் தாயார் பள்ளிக்கூடப் படியே ஏறாதவர். சென்ற மாதம் ஒரு மருத்துவமனையில் அவரை 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைக் காட்டி, அதேபோல் வரையச் சொன்னார்கள். பென்சிலை விளக்குத் திரிபோல இரு விரல் நுனியில் பிடித்தபடி, அத்தனை பேர் முன்னிலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தேதி கேட்டபோது, "ஆனி பொறந்து நாலு நாளாச்சு, நாளைக்குச் சஷ்டி" என்று சரியாகவே சொன்னார். அதற்கு மதிப்பெண் கிடையாதாம்.

எம்.எம்.எஸ்.இ. எனப்படும் அந்தச் சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மதிப்பெண்ணில் கழித்தல், வாசித்தல், எழுதுதல், வரைதல் ஆகியவற்றுக்கு மட்டும் 8. சற்று முன் சொன்ன மூன்று சொற்களை நினைவுகூர்ந்து சொல்வதற்கோ 3 மதிப்பெண்தான். மறதியை அறிய வந்த இடத்தில் என் தாயாரின் படிப்பை அளந்து, சீட்டில் 'மறதி நோய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்தபின் மண்டையோட்டுக்குள் சேரும் ரத்தக்கட்டு ஆகியவையும் மறதியைத் தரும். இவை சிகிச்சைக்கு உட்படுபவை. ஒரு ரத்தப் பரிசோதனைக்குக்கூட எழுதவில்லை.

அவருக்கு மறதி இல்லையென்று நான் சொல்லவில்லை. தங்கை தொலைபேசியில் பேசி வைத்த ஐந்தாவது நிமிடத்தில், "அவ ஏன் பேசவே மாட்டேங்குறா?" என்று அழுகிறார். இதைச் சொல்லத்தான் நான் உடன் போனேன். என்னை யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்பு வேறோர் இடத்தில் காட்டியபோது, "பூ தொடுக்கிறாங்கல்ல, ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வயசானா இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். நினைவு என்பது ஒரே பொருளன்று. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையின் இரு பக்கத்திலும், புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன், அதன்பின் நடந்த எதையும் மனத்தில் நிறுத்த முடியாதவரானார். ஆனால் கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரையும் பயிற்சியில், முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாத நிலையிலும், அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்ததை உளவியல் ஆய்வாளர் பிரெண்டா மில்னர் காட்டினார். கைப்பழக்கம் மூளையில் பதியும் வழி வேறு. என் தாயார் கண்ணை மூடிக்கொண்டும் மல்லிகை தொடுப்பார். காலையில் சாப்பிட்டாரா என்பது அவருக்குத் தெரியாது.

நம் நாட்டில் இதற்கு வழி தெரியாமலும் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில் எழுத்தறியாத முதியோருக்கென இந்தியில் மாற்றியமைத்த வினாத்தாள் 1995-லேயே வெளிவந்தது. 30 ஆண்டுகள் கடந்தும் ஐங்கோணம் வரையத் தெரியாத ஒரு கிழவி தலை குனிய வேண்டியிருக்கிறது என்றால் யாரைக் கேட்பது? முதியோர் நலனைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். மறதி என்று வந்தால் மட்டும் "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுகிறோம். பார்த்துக்கொள்பவள் பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு வந்த மகளோ மருமகளோதான்.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். படிக்காதவர்களைப் படித்தவர்களின் கேள்விகளால் அளக்க வேண்டாம். அவர்களுக்கேற்ற தமிழ் வினாத்தாளை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்குங்கள். உடன் இருந்து பார்த்துக்கொள்பவர் சொல்வதைப் பதிவு செய்ய அதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நோயின் பெயரை எழுதும் முன் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த மாதம் தாயாரை மறுபடியும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகள்