தாம்பூலத்தில் வந்த துணிகள்

கல்லிடைக்குறிச்சி,
ஆனி மாதம்.

அன்புள்ள கோமுவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. சாயங்காலம் மலைக்காற்று அடித்தால் கொடியில் துணி நிற்பதில்லை. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் ஒரு போர்வை. அதன் மேல் துணியை நேற்று ராத்திரிதான் தைத்து முடித்தேன்.

நம் வீடுகளில் ஒரு தகரப்பெட்டி இருக்குமே, கல்யாணத்திலும் கொலுவிலும் வெற்றிலைபாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகளைப் போட்டு வைக்கிற பெட்டி? ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர். நம்மிடம் இருக்கிற எந்தச் சேலைக்கும் நிறம் சேராது. அடுத்த விசேஷத்தில் இன்னொருத்திக்கு வைத்துக் கொடுத்துவிடுவோம். தை மாதம் அம்மாவின் பெட்டியைத் திறந்தபோது நாற்பதுக்கு மேல் இருந்தன. சிலவற்றில் மஞ்சள் கறைகூட அப்படியே இருந்தது. யாரோ ஒருத்தி கடையில் நின்று பார்த்துப் பார்த்து எடுத்த துணி, யார் மேலும் ஏறாமல் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. இவை இனி எங்கும் போக வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். அமெரிக்காவில் இருந்தபோது குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை, தைக்கப் பழகியவள். அவள்தான் இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தாள். சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதில்லை. நீளநீளமாகக் கீற்றுப் போட்டு, மூன்று கீற்றை முதலில் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். பிறகு அந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டினால் மூன்று கட்டம் ஏற்கெனவே சேர்ந்த துண்டுகளாக வரும். ஆழ்நிறம் ஓரத்திலும் வெளிர்நிறம் நடுவிலும் வைத்து ஒரு பட்டை, அதை மாற்றிப் போட்டு இன்னொரு பட்டை. இரண்டிலிருந்தும் துண்டு எடுத்து மூன்றை அடுக்கித் தைத்தால் ஒன்பது கட்டம் கொண்ட ஒரு சதுரம். என் போர்வையில் அப்படி 32 சதுரம், 288 கட்டம். ஆனால் நான் கிழித்த கீற்று 33 தான்! ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடிப் பெண்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கையால் சுற்றுகிற தையல் மெஷினில் இப்படித்தான் நீளமாகத் தைத்து, வெட்டி, மாற்றிச் சேர்த்தார்களாம். தைத்ததை வெட்டுவதற்கு எனக்கு முதலில் கை வரவில்லை. ஒரு தடவை வெட்டிப் பார்த்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

நூல் துணி மட்டும் எடுத்தேன். பாலியஸ்டரெல்லாம் இஸ்திரிச் சூடு தாங்காது. எல்லாவற்றையும் முதலில் தண்ணீரில் போட்டு அலசினேன். ஒரு மெரூன் துணி நாலு தடவை அலசியும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தது, அதை ஒதுக்கிவிட்டேன். ஓரத்தில் லேசாக வெட்டிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் துணி இழையோடு நேராகக் கிழியும் பார், அப்படித்தான் மூன்று இஞ்ச் கீற்றுகளாகக் கிழித்தேன்.

முதல் பட்டை பன்னரிவாள் மாதிரி வளைந்து வந்தது. எல்லாக் கீற்றையும் ஒரே பக்கத்திலிருந்து தைத்ததுதான் காரணம். ஒன்றை மேலிருந்து, அடுத்ததைக் கீழிருந்து என்று மாற்றித் தைத்தேன், சரியாகிவிட்டது. பெரிய சோதனை அதற்கு அப்புறம்தான். சதுரம் எட்டு இஞ்ச் வர வேண்டும், எனக்கு ஏழே முக்கால் வந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஓரத்தில் கால் இஞ்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் அரை நூல் கூடப் பிடித்திருக்கிறேன் (ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் கணக்கு). இரண்டு பக்கத் துணிக்கும் சேர்த்து ஒரு தையலில் ஒரு நூல் போகிறது, இரண்டு தையலுக்கு இரண்டு நூல். அந்தக் கால் இஞ்ச் அப்படித்தான் காணாமல் போயிருக்கிறது. ஒன்பது சதுரத்தைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி மெஷின் மேல் பிளாஸ்டரை நாலு மடிப்பாக ஒட்டி, அதில் துணி ஓரம் உரசிப் போகிற மாதிரி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்திரி போடும்போது தையல் மடிப்பை எப்போதும் ஆழ்நிறத் துணிப் பக்கமே சாய்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் இருந்து, விரலால் தடவினாலே ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும், ஏட்டி. நாலு முனையும் ஒரு புள்ளியில் கூடி நிற்பதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இடையிடையே வைக்க வெள்ளை பாப்ளினில் 31 சதுரம் வெட்டினேன். பட்டாசலில் பத்தமடைப் பாயை விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் பரப்பி, மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். உன் மகள் கல்யாணத்தில் நீ வைத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறத் துணி ஞாபகம் இருக்கிறதா? நட்டநடுவில் வரும் வெள்ளைச் சதுரத்தை ஒட்டின சதுரத்தில் அதுதான் இருக்கிறது. முழுசும் சேர்ந்தபின் அளந்தேன், 53 இஞ்ச் அகலம், 68 இஞ்ச் நீளம்.

பிறந்த பிள்ளையைக் கிடத்த ஆச்சி பழைய வேட்டியை மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு தைப்பாளே, அதே வேலை இனிமேல்தான் எனக்கு இருக்கிறது. இலவம் பஞ்சு வைத்தால் துவைக்கத் துவைக்க ஓரத்தில் போய்த் திரண்டுவிடும். அதனால் நடுவில் ஒரு பழைய பருத்திப் போர்வையை வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தைக்கப் போகிறேன். நம் ஊருக்கு அந்தக் கனம் போதும்.

அடியில் போடத்தான் துணி இல்லை. நீ உடுத்தி நைந்த நூல் சேலை ஏதாவது இருந்தால் தபாலில் அனுப்பேன். இரண்டாக வெட்டி இணைத்தால் அகலம் தாராளமாகக் காணும். கரை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, புதுசு மட்டும் வேண்டாம்.

உன்
வடிவு