நாயகன் வரும் ஓசை: 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், வலை பழுதுபார்க்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

பாம்பனில் மாதம் ஒருமுறை கூடிப் படத்தின் பின்னணி இசையை மட்டும் உட்கார்ந்து கேட்கும் மன்றம் நம்முடையது. ஒவ்வோர் ஆண்டும் ஓர் இசையமைப்பாளரை எடுத்துக்கொண்டு கேட்பது வழக்கம். இந்த ஆண்டு அந்த வழக்கம் மாறியதற்குக் காரணம் ஒரு பஸ் பயணம். 2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' வந்தபோது நம் தம்பிகள் நாலு பேர் மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மதுரையில் ஏறியதிலிருந்து பாம்பனில் இறங்குகிறவரை ஒரே வாக்குவாதம். 1978இல் ஜான் வில்லியம்ஸ் எழுதிய பழைய மெட்டை இந்தப் படத்தில் ஜான் மர்ஃபியும் டேவிட் ஃப்ளெமிங்கும் மறுபடி எடுத்துக் கையாண்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது என்று இரண்டு பேர். 2013இல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்துக்கு ஹான்ஸ் ஜிம்மர் போட்டதுதான் உண்மையான சூப்பர்மேன், அதை எப்படி விடலாம் என்று மற்ற இரண்டு பேர். அந்த வாக்குவாதம் அப்படியே செயற்குழுவுக்கு வந்தது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை சாகச நாயகர்களுக்கான இசையை மட்டும் ஒப்பிட்டுக் கேட்பது என்று முடிவானது.

அதற்கு முந்தைய மாதங்களையும் மழைக்காலத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருந்ததால் அமர்வுகளில் உட்கார இடமில்லை. அந்த ஏப்ரலில்தான் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயிலும் மறுபடி ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையின்போது துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் வைத்திருந்த அமர்வு மட்டும் தள்ளிப்போனது. மற்றபடி ஒன்றும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் அமர்வை நான் மறக்க மாட்டேன். மாதா கோயில் திருவிழாக்களில் பேண்டு வாத்தியத்தில் ட்ரம்பெட் ஊதும் நம் மூத்த உறுப்பினர் கருவியோடு வந்திருந்தார். முதலில் 1978 படத்தின் தொடக்க இசையைப் போட்டோம். லண்டன் சிம்பனி இசைக்குழு வாசித்தது. அடியில் தாழ்ந்த தந்திக்கருவிகள் குதிரை நடைபோலத் துள்ளிக்கொண்டிருக்க, மேலே ட்ரம்பெட்டுகள் ஒரு சுரத்தில் நின்று சட்டென்று ஒரு பெரிய தாவு தாவுகின்றன. அந்தத் தாவு சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு. அதே வில்லியம்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய 'ஸ்டார் வார்ஸ்' மெட்டிலும் அந்தத் தாவு உண்டு.

பாட்டு முடிந்ததும் அண்ணன் எழுந்து, ட்ரம்பெட்டின் மூன்று விசைகளில் ஒன்றையும் அழுத்தாமல் ஊதிக் காட்டினார். வெறும் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் ச, ப, மேல் ச, க என்று அந்தக் குழாயின் இயல்பான சுரங்கள் மட்டும்தான் வரும். விசைகள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் போர்க்களத்தில் ஊதிய கொம்புகளிலும், இன்றைக்கும் காவலர் அணிவகுப்பில் ஊதுகிற ப்யூகிளிலும் கிடைப்பவை அவைதான். "பல நூறு வருஷமா வீரன் வர்றான்னு சொல்ல இந்தச் சுரம்தான் இருந்துச்சு. வில்லியம்ஸ் அதை எடுத்து ஆகாயத்துக்கு அனுப்பிட்டாரு" என்றார் அண்ணன். நாதஸ்வரத்துக்குப் பின்னால் சுருதிப் பெட்டி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ச–ப கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. அந்தத் தாவு நமக்கு அந்நியமாகப் படாததற்கு அது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வில்லியம்ஸுக்கும் ஒரு முன்னோர் உண்டு. 1938இல் 'ராபின் ஹுட்' படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கிய கோர்ன்கோல்டு, ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர். சாகசப் படம் என்றால் பெரிய வாத்தியக் குழு, பித்தளைக் கருவிகள், வாயில் நிற்கும் மெட்டு என்ற பாதையை நன்றாக வெட்டிக் கொடுத்தவர் அவர். அந்தப் படத்தையும் பத்து நிமிடம் கேட்டோம். 1981இல் இந்தியானா ஜோன்ஸுக்காக வில்லியம்ஸ் இரண்டு மெட்டு எழுதிக்கொண்டு போக, ஸ்பீல்பெர்க் இரண்டையுமே வைத்துக்கொள்ளச் சொன்ன கதையை நம் ஆசிரியர் உறுப்பினர் சொன்னார். அந்த அணிவகுப்பு இசையின் முதல் பகுதியும் நடுப்பகுதியும் அப்படித்தான் ஒன்று சேர்ந்தன.

அடுத்தது செப்டம்பர். இதில் ஒரு பிழை நடந்தது, அதை இந்த அறிக்கையில் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு ஜிம்மர் முறை. வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிப் பெட்டியில் தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு கிழிந்திருந்தது. கொண்டுவந்து வைத்தவர்கள் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. 'மேன் ஆஃப் ஸ்டீல்' இசை தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது. பலர் பாதியிலேயே டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் சிறு வயதிலிருந்து வில்லியம்ஸ் பக்கம் நிற்பவன். அன்றைய நடவடிக்கைக் குறிப்பேட்டில் "ஜிம்மர் இசையில் மெட்டு இல்லை, சத்தம் மட்டுமே உள்ளது" என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அக்டோபரில், மண்டபத்தில் ஒலி அமைப்பு வேலை பார்க்கும் நம் தம்பி சொந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, ஒரு தடவை சரியா கேளுங்க, அப்புறம் திட்டுங்க" என்றான். ஜிம்மர் அந்தப் படத்துக்காகப் பெயர்பெற்ற டிரம் கலைஞர்கள் பலரை ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சேர்ந்து வாசிக்கச் செய்தார். ஷீலா ஈ, ஜேசன் பான்ஹாம், ஃபாரெல் வில்லியம்ஸ் எல்லாம் அதில் உண்டு. தந்திக்கருவிகள் செய்கிற வேலையில் ஒரு பகுதியை, படுக்கவைத்து வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிடார்களிடம் கொடுத்தார். ஆரம்பத்தில் ஒரு பியானோ, தயங்கித் தயங்கிச் சில சுரங்கள். பையன் தான் யார் என்று தெரியாமல் நிற்கிற மாதிரி. பிறகு அந்தச் சுரங்களே அடுக்கடுக்காக ஏற, கீழே டிரம்கள் புகுந்தன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தொடையில் ஏறியது. ஊர்த்திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது நெஞ்சுக்கூட்டில் விழுமே, அந்த அடி. அன்றைக்கு யாரும் டீக்கு எழுந்து போகவில்லை.

அதன் பிறகு நான் வீட்டில் இரண்டையும் போன் ஒலிபெருக்கியில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். வில்லியம்ஸ் அந்தச் சின்னத் துளையிலும் முழுசாக வருகிறார். படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டே சீட்டியடித்தாலும் அந்த மெட்டு அப்படியே நிற்கும். ஜிம்மர் எழுதியதில் பெரும்பங்கு தாழ்ந்த ஒலியிலும் அதன் கனத்திலும் இருக்கிறது. போனில் அது வருவதே இல்லை. 'தி டார்க் நைட்' படத்துக்கு ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டோடு சேர்ந்து அவர் கொடுத்த பேட்மேன் மெட்டு இரண்டே சுரம். சட்ஜமம், சாதாரண காந்தாரம், அவ்வளவுதான். அடுத்தது வரும் வரும் என்று காத்திருக்க வைத்து, வராமலே முடிகிறது. கிழிந்த பெட்டியில் இதைக் கேட்டால் இரண்டு சுரம் மட்டுமே காதில் விழும். சரியான பெட்டியில் அந்தக் காத்திருப்பு கேட்கும். இருந்தாலும் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும்போது என் வாயில் வருவது இன்னும் வில்லியம்ஸ்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

நவம்பரில் டேனி எல்ஃப்மன். ராக் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், முறையாக இசைப் பள்ளியில் படிக்காதவர். 1989 'பேட்மேன்' மெட்டு லண்டனிலிருந்து திரும்பும் விமானத்தில் அவருக்குத் தோன்றியது. மறந்துவிடக் கூடாது என்று கழிவறைக்குப் போய்ப் போய் ஒலிப்பதிவுக் கருவியில் முனகிப் பதிந்துகொண்டாராம். இருட்டிலிருந்து எழும் ஐந்து சுரம் அது. இருட்டும் வேண்டும், வாயில் நிற்கவும் வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இவரைத்தான். ஆலன் சில்வெஸ்ட்ரியின் 2012 'அவெஞ்சர்ஸ்' இசையையும் அன்றே கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது. பேச அதிகம் எதுவும் அகப்படவில்லை.

ஜனவரி அமர்வுதான் எல்லோரையும் அசைத்தது. லுட்விக் யோரான்சன், 'பிளாக் பேந்தர்', 2018. அவர் அந்தப் படத்துக்காக செனகல் நாட்டுக்குப் போய், பாபா மால் என்ற பாடகரோடு பயணம் செய்து இசை சேகரித்தார். மன்னனின் வருகையை அறிவிக்கும் முக்கிய ஒலி அங்கே 'தமா' என்ற பேசும் முரசு. இடை சிறுத்த முரசு அது. அக்குளில் இடுக்கி, இருபக்கத் தோலையும் இணைக்கும் கயிறுகளை அழுத்தினால் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். படத்தைக் காட்டியதும் உடுக்கை அடிக்கும் குடும்பத்திலிருந்து வரும் நம் உறுப்பினர் சிரித்துவிட்டார். மறுவாரமே வீட்டிலிருந்து உடுக்கையைக் கொண்டுவந்து, இடையிலிருக்கும் கயிற்றைப் பிடித்து இறுக்கி, அதே ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். 2019இல் அந்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஒரு கண்டத்து முரசு அதன் மரியாதையோடு ஒரு நாயகனுக்கு முன்னால் நடந்து போவதைக் கேட்ட பிறகு, உடுக்கையைப் பேய்ப்படத்துக்கு மட்டும் கூப்பிடுகிற நம் ஊர்ப் பழக்கம் எனக்கு உறுத்துகிறது.

கடல் சாகசத்துக்கும் ஓர் அமர்வு வைத்தோம். இந்தக் கரையில் அது இல்லாமல் எப்படி? 2003 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' இசையில் கிளாவுஸ் பாடெல்ட் பெயர் இருக்கிறது, மெட்டுகளில் ஜிம்மரின் கை இருக்கிறது. தகிட தகிட என்று திஸ்ர நடையில் ஓடும் இசை. கரைவலை இழுத்த பெரியவர் ஒருவர், "ஏலேலோ ஐலசா இழுக்கிறவன் பாட்டு, கனம் தெரியும். இது காத்தோட ஓடுறவன் பாட்டு" என்றார். நாங்கள் காக்கா என்று அழைக்கும் கீழக்கரை அண்ணன் உடனே 1965 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை எடுத்தார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. அங்கே கப்பல் தளத்தில் எம்.ஜி.ஆரும் கூட்டாளிகளும் வாய்விட்டுப் பாடுகிறார்கள். நம் நாயகனுக்குச் சொல் வேண்டும், கூடப் பாட ஆள் வேண்டும் என்று காக்கா சொன்னது சரியென்றே படுகிறது.

பிப்ரவரியில் தமிழ். எனக்கு இந்த ஆண்டு புதிதாக விளங்கியது இங்கேதான். ஹாலிவுட்டில் பாத்திரம் நிலையாக இருக்கிறது. சூப்பர்மேனுக்கு வில்லியம்ஸ் போய் ஜிம்மர் வந்து, மறுபடி வில்லியம்ஸின் மெட்டு வருகிறது. நம்மிடம் நடிகர்தான் நிலையாக இருக்கிறார். 1992 'அண்ணாமலை'யில் ரஜினிகாந்த் பெயர் எழுத்தெழுத்தாக வரும்போது தேவா போட்ட இசை, பிறகு வேறு வேறு கதைகளுக்கும் முன்னால் வந்தது. பால்காரர் அண்ணாமலையைத் தாண்டி அந்த நடிகருக்கே சொந்தமாகிவிட்டது. கமல்ஹாசனின் 'விக்ரம்' படங்கள் மட்டும் இதில் தனி. 1986இல் இளையராஜா, 2022இல் அனிருத், அதே உளவாளி, இரண்டு காலத்து இசை. முதலாவதில் கணினி யுகம் பிறக்கிற மின்னணு ஒலி, இரண்டாவதில் வயதான மனிதனின் கோபம். இரவு பதினொன்றைத் தாண்டியும் பேச்சு ஓயவில்லை. கூடத்தைப் பூட்ட வேண்டியவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை அவரும் உட்கார்ந்துவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியே வாசிப்பார். ஒலிபெருக்கி வாடகை இனி வேண்டாம், சொந்தமாக ஒரு பெட்டி வாங்கச் சேமிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. கருவியோடு வந்து ஊதிய அண்ணனுக்கும், பெட்டி சுமந்த தம்பிக்கும், உடுக்கை காட்டியவருக்கும் மன்றத்தின் நன்றி.

கடைசியாக ஒரு தீர்மானம். செப்டம்பர் மாத நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஜிம்மர் பற்றி நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, "பெட்டி பழுதாக இருந்ததால் அன்று இசையைக் கேட்க முடியவில்லை" என்று திருத்தி எழுத உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறேன். முன்மொழிபவர் நான். வழிமொழிய மதுரை பஸ்ஸில் சண்டை போட்ட தம்பிகளில் ஜிம்மர் பக்கம் நின்ற யாராவது ஒருவர் முன்வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.