பேஸை முன்னாடியே குறை, மக்கா

தக்கலை
ஞாயிறு இரவு

மக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கடைசியில் கிட்டாருக்கு டியூப் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் சத்தத்தைப் பெருக்குவது) வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 50 வாட், பின்னால் பவர் ஆம்பில் இரண்டு இஎல்34 டியூப், முன்னால் பிரீஆம்பில் நாலு 12ஏஎக்ஸ்7 டியூப், கூடவே இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட கேபினட். கொள்ளாம். கோயில் ஹாலுக்கும் திருவிழா மேடைக்கும் இது தாராளம். இங்கே நாலு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. குளச்சலில் கடல் எப்படி என்று நீ எழுதவே இல்லை.

உன் குறைகள் மூன்று. ஆறாவது கம்பியில் பாம் மியூட் (கம்பியை உள்ளங்கையால் அமுக்கி) அடித்தால் சத்தம் குழைந்துபோன மரச்சீனி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் கேட்ட நல்ல டோன், ஹாலில் டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போகிறது. சில நேரம் சத்தம் திடீரென்று பாதியாக இறங்குகிறது. முதல் குறையை நான் நிறைய எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். அது சரியானால் இரண்டாவதில் பாதி தானாகவே சரியாகும்.

சத்தத்துக்குக் கனம் வேண்டும் என்று நீ கெயினை, அதாவது சிக்னலை உள்ளே பெருக்குகிற குமிழை, 8 வரை ஏற்றியிருக்கிறாய். ஹை கெயின் ஆம்பில் கெயின் ஏற ஏற கனம் குறையும். உள்ளே மூன்று நாலு டியூப் கட்டங்கள் வரிசையாக நின்று சிக்னலைப் பெருக்கிப் பெருக்கி நசுக்குகின்றன. அந்த நசுங்கல்தான் டிஸ்டார்ஷன். கிட்டாரில் இருந்து வருவதில் தாழ்ந்த ஸ்வரத்துக்குத்தான் வலு அதிகம். ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்தப் பேஸ் (அடி ஒலி) முழுசாக உள்ளே போனால் முதல் கட்டங்களிலேயே இடத்தை அடைத்துக்கொள்ளும். கூட வருகிற மற்ற ஒலிகளும் அதோடு சேர்ந்து வெட்டுப்படும். அதற்குப் பிறகு நீ ஆம்பின் பேஸ் குமிழைத் திருகினால் சத்தம் ஒல்லியாகும், குழைவு அப்படியே நிற்கும். ஏனென்றால் உன்னுடையது மாதிரியான பெரும்பாலான ஆம்ப்களில் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் டிஸ்டார்ஷன் கட்டங்களுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. மெசா பூகி மார்க் வரிசை மாதிரி சில ஆம்ப்களில் அவை முன்னால் வரும். அதனால்தான் மார்க் வைத்திருப்பவர்கள் பேஸை 1, 2 என்று தரையில் வைத்துவிட்டு, குறைந்த பேஸைப் பிறகு கிராஃபிக் ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை ஏற்றி மீட்டுக்கொள்கிறார்கள். நசுங்குவதற்கு முன் பேஸை எடு, நசுங்கிய பின் திருப்பிக் கொடு. உன் ஆம்பிலும் இதையே செய்யலாம்.

அதற்கு உன்னிடம் ஏற்கெனவே இருக்கிற பச்சை ஓவர்டிரைவ் பெடல் போதும், டியூப் ஸ்க்ரீமர் வகை. அதில் டிரைவை பூஜ்யத்தில் வை, லெவலை முழுசாக ஏற்று, டோனை நடுவில் விடு. அந்தச் சர்க்யூட்டில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். நடு ஒலிகள் உந்தப்பட்டு ஆம்புக்குள் போகும், பேஸ் பின்தங்கும். பெடலைப் போட்டதும் ஆம்பின் கெயினை இறக்க மறக்காதே. மறந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். எடுத்த பேஸைத் திருப்பிக் கொடுக்கிற வேலையை ரெசனன்ஸ் குமிழ் செய்யும். அது பவர் ஆம்பின் ஃபீட்பேக் பாதையில் உட்கார்ந்து ஸ்பீக்கரின் அடி அதிர்வைத் தூக்கும். நசுங்கி முடிந்த பிறகு வருவதால் அந்தப் பேஸ் குழையாது, வயிற்றில் இடிக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் கார்டு. டிஸ்டார்ஷனில் இரண்டு ஸ்வரம் சேர்ந்து போனால் அவற்றின் வித்தியாசமும் ஒரு ஒலியாக வெளியே வரும். ஆறாவது கம்பியின் 82.4, அதன் ஐந்தாம் ஸ்வரம் 123.5. வித்தியாசம் 41 ஹெர்ட்ஸ், சரியாக ஓர் ஆக்டேவ் கீழே. இந்த இரண்டு ஸ்வரம் மட்டும் சேர்ந்த பவர் கார்டு அவ்வளவு பெரிதாகக் கேட்பது இதனால்தான். ஆனால் அதே 41 ஹெர்ட்ஸ்தான் உங்கள் பேஸ் கிட்டாரின் நாலாவது கம்பி. கெயின் மிகுந்தால் நீ பேஸ் வாசிப்பவர் இடத்தில் போய் நிற்கிறாய், இரண்டு பேரும் சேர்ந்து கலங்கல். மேஜர் மூன்றாம் ஸ்வரத்தைச் சேர்த்தால் வித்தியாச ஒலி 21 ஹெர்ட்ஸ் பக்கம் விழும், சுருதியிலும் சரியாக நிற்காது. பாட்டுக்கு முழு கார்டு வேண்டுமென்றால் கிட்டாரின் வால்யூமை 5க்கு இறக்கி வாசி.

கெயின் வைக்கிற முறை இது. ஆறாவது கம்பியை பிரிட்ஜ் ஓரத்தில் உள்ளங்கையால் அமுக்கி, ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே இரு. காது அடிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் இருக்கட்டும். இப்போது அந்த இடைவெளியில் ஒரு 'ஊம்' என்று இழுவை கேட்கும். அடிப்பதை நிறுத்தாமல் இடது கையால் கெயினை மெதுவாக இறக்கு. 6, 5, 4½. ஓரிடத்தில் அந்த இழுவை அறுந்து, ஒவ்வொரு அடியும் தேங்காயில் வெட்டுக்கத்தி விழுந்த மாதிரி 'டக்' என்று தனியாக நிற்கும். அதுதான் உன் கெயின். பிறகு ஒரு நூல் அளவு மட்டும் ஏற்றலாம். தனியாகக் கேட்கும்போது போதாத மாதிரி இருக்கும். டிரம்ஸோடு வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

இனி ஹாலில் காணாமல் போகிற கதை. வீட்டில் மாஸ்டரை (மொத்தச் சத்தத்தின் குமிழை) 1இல் வைத்து டோன் பிடித்திருக்கிறாய். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகத்தான் எட்டும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட நீ பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிடிலை 2க்கு இறக்கினாய். ஹாலில் சத்தம் ஏறியதும் அந்த பேஸ் இடிக்கிறது, ட்ரெபிள் குத்துகிறது. கிட்டார் நிற்க வேண்டிய நடு இடம் காலி. மேலே சிம்பல், கீழே கிக் டிரம்மும் பேஸும். உனக்கு இடமே இல்லை.

மிடில் 6 அல்லது 7, பேஸ் 4, ட்ரெபிள் 5, பிரசன்ஸ் (உச்ச ஒலியின் கூர்மை) 4 என்று தொடங்கு. இந்த வகை டோன் சர்க்யூட்டில் எல்லாம் 5 என்றால் சமநிலை என்று நினைக்காதே, அதுவே நடுவில் பள்ளம்தான். பேஸ் 0, ட்ரெபிள் 0, மிடில் 10 என்பதே ஏறக்குறைய சமதளம். மூன்று குமிழும் ஒன்றை ஒன்று இழுக்கும். ட்ரெபிளை மிகவும் ஏற்றினால் மற்ற இரண்டும் வேலை செய்யாத மாதிரி தோன்றும். பிரசன்ஸைக் கடைசியில், வாசிக்கப்போகிற சத்தத்துக்கு மாஸ்டரை ஏற்றிய பிறகுதான் தொடவேண்டும். கேபினட் தரையில், உன் காது அதற்கு நாலு அடி மேலே என்றால் கூரான ஒலி உன் முழங்காலைத் தாண்டி முன் வரிசைக்குப் போகிறது. நீ போதவில்லை என்று ஏற்றுவாய், முன் பெஞ்சில் இருப்பவர்கள் காதைப் பொத்துவார்கள். ஒரு பலமான ஸ்டூலில் ஏற்றி வை, அல்லது குனிந்து ஸ்பீக்கர் உயரத்தில் கேட்டு முடிவு செய். சுவர் மூலையில் வைக்காதே, பேஸ் வீங்கும்.

சத்தம் பாதியாவதற்குக் காரணம் அநேகமாக உப்புக்காற்று. எஃபெக்ட் பெடல்களை நடுவில் இணைக்கிற எஃபெக்ட்ஸ் லூப்பில் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் உண்டு. ரிட்டர்ன் ஜாக்கினுள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. எதுவும் செருகாதபோது சிக்னல் அந்தத் தகடு வழியாகத்தான் பவர் ஆம்புக்குப் போகிறது. அதில் களிம்பு பிடித்தால் சத்தம் அமுங்கும், கரகரக்கும், தட்டினால் திரும்பி வரும். சத்தம் இறங்குகிற நேரத்தில் ஒரு குட்டை கேபிளை எடுத்து சென்டையும் ரிட்டர்னையும் இணைத்துப் பார். சத்தம் முழுசாகத் திரும்பினால் குற்றவாளி அந்தத் தகடுதான். பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஆம்பை அணைத்துவிட்டு, பத்துப் பதினைந்து தடவை செருகி எடு. எண்ணெய் அடிக்காதே, தூசியைப் பிடித்துவைக்கும். கடற்கரை ஓரத்தில் மாதம் ஒரு தடவை எல்லா ஜாக்குக்கும் இதைச் செய்.

கெயின் ஏற்றினால் கீச்சிடுகிறது என்று ஓரமாக எழுதியிருந்தாய். இன்புட் ஜாக்குக்கு மிக அருகில் இருப்பது முதல் டியூப். ஆம்ப் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் அதை மெல்லத் தட்டு. ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி எதிரொலித்தால் அது மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையே மைக் மாதிரி ஒலியாகப் பிடிக்கிறது. அணைத்து, ஆறவிட்டு, பின்னால் இருக்கிற டியூப் ஒன்றோடு இடம் மாற்று. ஒன்பது பின்னும் நேராக இருக்கிறதா பார்த்து நேராகவே இழு, ஆட்டிப் பிடுங்காதே. அந்த முதல் இடத்தில் 5751 என்கிற டியூபைப் போட்டுப் பார்க்கலாம். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கம் 100, இதற்கு 70. குழைவும் இரைச்சலும் சேர்ந்தே குறையும். முனகல் தனி விஷயம். கிட்டாரோடு நின்ற இடத்தில் திரும்பிப் பார். ஒரு திசையில் முனகல் குறைந்தால் அது கரண்ட் லைனில் இருந்து கிட்டாரின் பிக்கப் பிடிக்கிற 50 ஹெர்ட்ஸ். கேபிளைப் பிடுங்கி, மாஸ்டரை பூஜ்யமாக்கிய பிறகும் முனகினால் ஆம்பின் பவர் சப்ளையைச் சந்தேகப்படு. எர்த் பின்னை மட்டும் எதற்காகவும் எடுத்துவிடாதே, உயிர் போகிற காரியம்.

சாயங்காலம் உங்கள் தெருவில் வோல்டேஜ் 190க்கு இறங்குமே. அப்போது டியூப் ஹீட்டருக்கு 6.3க்குப் பதில் 5.2 வோல்ட்தான் கிடைக்கும். டோன் மந்தமாகிவிடும், டியூபுக்கும் நல்லதல்ல. 500 விஏ சர்வோ ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிவிடு. ரிலே வகை வேண்டாம், 'டிக் டிக்' என்று மாறும்போதெல்லாம் வோல்டேஜ் குதிக்கும்.

கேபினட் இல்லாமல் ஆம்பை ஓட்டாதே. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உன் கேபினட்டில் இரண்டும் 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் பேரலலில் 4, சீரிஸில் 16. பின்னால் ஒட்டியிருப்பதை நம்பாமல் மீட்டரில் பார். மீட்டர் கொஞ்சம் குறைவாகவே காட்டும், 16க்கு 12, 13 வரை வரும். ஆம்பின் செலக்டரை அதே ஓமில் வை. அந்தப் பாதைக்கு ஸ்பீக்கர் கேபிளே வேண்டும், கிட்டார் கேபிள் சூடாகும். பயாஸ் வேலைக்கு (பவர் டியூபில் ஓடுகிற கரண்டைச் சரிசெய்வது) நீ ஆம்பைத் திறக்காதே, அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மெக்கானிக்கிடம் கேட்கத் தெரிந்துகொள்: இஎல்34 தாங்குவது 25 வாட், அதில் 70 சதம் 17.5, பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு டியூபுக்கு 39 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் வைக்க விடாதே.

மேடையில் மைக் எஸ்எம்57 என்றால் ஸ்பீக்கர் நடுவில் இருக்கிற மூடியின் விளிம்புக்கு நேராக, துணியில் இருந்து இரண்டு விரல் தள்ளி. ஒரு சென்டிமீட்டர் நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை ஏறும், வெளியே நகர்த்தினால் இருளும். ஆம்பில் கை வைப்பதற்கு முன் மைக்கை நகர்த்திப் பார். மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல். உங்கள் ஹாலின் எதிரொலிக்கு 100 வரை போனாலும் நட்டமில்லை.

வருகிற சனிக்கிழமை குளச்சல் வருகிறேன், பையில் ஒரு 5751 இருக்கும். அதற்கு முன் லூப்பில் கேபிள் போட்டுப் பார்த்து, சத்தம் திரும்பியதா என்று ஒரு வரி எழுதிப்போடு. பெடலுக்குப் புது பேட்டரி வாங்கி வை.

உன் கூட்டுக்காரன்