மட்டாஞ்சேரிப் படம்: அக்காவுக்கு

அக்கா,

நீ வரைந்த படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பப் போவதில்லை. அம்மாவின் வருஷத் திதி முடியட்டும், சொல்கிறேன் என்றேன். முடிந்துவிட்டது. கூரியர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கண்காட்சிக்கான உன் குறிப்பைப் படித்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் 1568இல் கட்டிய பரதேசி சினகாக் என்ற தொழுகைக் கூடம், 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குக் கிளம்பிப் போன குடும்பங்கள், ஆளில்லாத கூடம், நினைவு. நன்றாகத்தான் இருக்கிறது. விட்டுப் போனவர்களைப் பற்றி எழுத உனக்குச் சொல்லியா தர வேண்டும்?

சரி, விடு. சித்தி வீட்டில் எல்லோரும் இதைப் படிப்பார்கள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

நாம் அங்கே போன அன்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "சாப்பிடுற தட்டு மாதிரி இருக்குடி, எப்படி மிதிக்கிறது?" சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலப்பூ டைல்ஸ். பிறகு மெல்லக் கால் வைத்து, பித்தளைக் கம்பி போட்ட நடுமேடை வரை போய்விட்டாள். அங்கிருந்தவரிடம் பூஜை தினமும் உண்டா என்று கேட்டாள். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் கூட்டு ஜெபம், உள்ளூரில் அத்தனை பேர் இல்லை என்றார். அம்மா வெளியே திண்ணையில் பையோடு உட்கார்ந்திருந்த அப்பாவைக் காட்டி, "இவரை வேணா சேர்த்துக்குங்க" என்றாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு!

நுழைவறையில், 400ஆம் ஆண்டு விழாவுக்காக 1968இல் வரைந்த படங்களை நீ நெடுநேரம் பார்த்தாய். ஒன்றில் அரசர், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு கொடுக்கிறார். படம் என்றால் ஆள் வேண்டும் என்று அன்று சொன்னது நீதான். ஊருக்கு வந்து ஒவ்வொரு டைல்ஸையும் தனித்தனியாகப் போட்டாய். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. அம்மாதான் உருண்டை பிடித்து ஊட்டிவிடுவாள். அவளையும் வரைந்தாய், அந்த மேடையோரம், பச்சைச் சுங்குடியில்.

காலிக் கூடம்தான் எடுபடும் என்று யாரோ சொன்னதும் அவள் மேல் பித்தளை மஞ்சளைப் பூசிவிட்டாய்.

போனைப் பாதியில் வைத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் படையல் இலையை எடுப்பதற்குள் "பேக்கிங் ஆச்சா?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்?

சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது கம்பிக்கு அடியில் பச்சை தெரிகிறது. தோள் வரைக்கும். நீ பார்த்திருக்க மாட்டாய், இங்கே இருந்தால்தானே.

வா. வந்து மஞ்சளைச் சுரண்டு. அப்புறம் தாராளமாக எடுத்துப் போ.