சுமதிக்கு, டீக்கடை விஷயமாக

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இந்தக் காலத்திலும் இன்லேண்ட் லெட்டரில் ஓரம் வரைக்கும் நெருக்கி எழுதுகிறவள் நீ ஒருத்திதான். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. பேத்தி செஸ் வகுப்புக்குப் போகிறாள். அவள் கதையைக் கீழே எழுதுகிறேன், நீ கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) வாங்கிய பணத்தில் 15 லட்சத்தை, உன் அண்ணன் மகன் சொல்கிற டீக்கடை ஃபிரான்சைஸில், அதாவது ஒரு கம்பெனியின் பெயரில் நாம் நடத்தும் கடையில், போடலாமா என்று கேட்டிருக்கிறாய். யூடியூபில் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கும் மென்டல் மாடல்களை, அதாவது முடிவெடுக்க உதவும் சிந்தனை முறைகளை எல்லாம் படித்து முடித்தால் தெளிவு வருமா என்றும் கேட்டிருக்கிறாய். நோட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதை மூடி வை.

மென்டல் மாடல் என்று ஊரெல்லாம் பேச வைத்தவர் சார்லி மங்கர். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் கூட்டாளி, 2023-ல் 99 வயதில் இறந்தார். 1994-ல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசியபோது, தனித்தனியாக மனப்பாடம் செய்த தகவல் உதவாது, அவற்றைக் கோத்து வைக்க மனதில் ஒரு சட்டகம் வேண்டும் என்றார். அவர் சொன்ன மாடல்களையே இன்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

இப்போது பேத்தி. அவளுடைய செஸ் சார் சனிக்கிழமைகளில் ஒரு விளையாட்டு வைப்பார். பழைய ஆட்டம் ஒன்றின் நடுநிலையைப் பலகையில் அடுக்கிக் காட்டிவிட்டு, சில நொடியில் துணி போட்டு மூடிவிடுவார். பிள்ளைகள் தங்கள் பலகையில் அதை அப்படியே அடுக்க வேண்டும். இவள் முக்கால்வாசி சரியாக வைத்துவிடுகிறாள். எனக்கு நாலைந்து காய்க்கு மேல் நினைவில் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் காய்களை மனம்போனபடி இறைத்து வைத்து, மூடிக் காட்டினேன். அவளும் என்னைப் போலவே திணறினாள். "பாட்டி, இது ஆட்டமே இல்ல, இப்படி யாரும் வைக்க மாட்டாங்க" என்று கோபம் வேறு.

இதையேதான் 1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் தேர்ந்த ஆட்டக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். நிஜ ஆட்டத்தின் நிலை என்றால் மாஸ்டர் ஐந்து நொடி பார்த்துவிட்டுப் பெரும்பகுதியை அடுக்கிவிடுவார். தாறுமாறாக இறைத்த காய்கள் என்றால் அவருக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஞாபகசக்தி கூடுதல் என்று அர்த்தமில்லை. கோட்டை கட்டிய ராஜா, பக்கத்தில் யானை, முன்னால் மூன்று சிப்பாய் என்று நாம் ஐந்து காய்களைப் பார்க்கிற இடத்தில் அவர்கள் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள்.

வயசாயிடுச்சு, எதுவும் மண்டையில் ஏறலை என்று எழுதியிருக்கிறாயே, உன் பலகை எது என்று யோசித்தாயா? கடன் பிரிவில் உட்கார்ந்து எத்தனை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் புரட்டியிருப்பாய்! ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கில் விற்பனை வருடா வருடம் ஒரே சீராக ஏறினால், படிக்கும் முன்பே பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுவிடுவேன் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். அதே கண்ணால் அண்ணன் மகன் கொடுத்த கணக்குத் தாளையும் பார். அத்தையாக வேண்டாம். லோன் கேட்டு ஒரு பார்ட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

எனக்கே இரண்டு ஓட்டை தெரிகிறது. காலை 5 மணிக்குக் கடை திறந்து கல்லாவில் நீ உட்காருவதாகப் போட்டிருக்கிறான், உன் சம்பளம் எங்கேயும் இல்லை. அப்புறம், அந்த 15 லட்சம் என்னவோ சும்மா கிடக்கிற பணம் என்பதுபோல எழுதியிருக்கிறான். 55 தாண்டி வி.ஆர்.எஸ். வாங்கியவள் நீ. பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்துக்கு வருடம் 1,23,000 ரூபாய். உனக்கு நான் சொல்லவா வேண்டும்? அவன் காட்டுகிற மாத லாபம் 40,000-ல் 10,250 ரூபாய், பாய்லரைப் பற்ற வைக்காமலே வரக்கூடியது. மீதியில் உன் சம்பளத்தையும் கழித்துப் பார்.

அடுத்து, அவன் அழைத்துப்போய்க் காட்டிய மூன்று கடைகள். மூன்றிலும் கூட்டம் அலைமோதியதாம். ஓடுகிற கடையைத்தானே காட்டுவார்கள்? வகுப்பில் பாடம் எடுக்கையில் இந்த இடத்துக்கு வரும்போது நான் ஆப்ரகாம் வால்டைத்தான் சொல்வேன். ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-ல் அமெரிக்காவுக்குப் போன யூதர். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் குழுவில் வேலை. சண்டைக்குப் போய்த் திரும்பிய விமானங்களின் குண்டுத் துளைகளை வைத்து, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிட வழி கண்டவர். எஞ்சினில் துளையோடு வந்தவை குறைவு என்றால், எஞ்சினில் அடிபட்டவை வரவே இல்லை என்று அர்த்தம். (சிவப்புப் புள்ளிகள் வைத்த விமானப் படம் ஒன்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது பின்னாளில் வரைந்தது.) இந்தியாவுக்கு விரிவுரை ஆற்ற வந்த மனிதர், 1950 டிசம்பரில் நம் நீலகிரியில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார். 48 வயது. கோத்தகிரி பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

உன் கணக்கில் திரும்பாத விமானம் என்றால் மூடிய டீக்கடை. தெருவில் தேடினால் அது கிடைக்காது, அந்த ஷட்டருக்கு மேல் இப்போது செல்போன் கடை போர்டு இருக்கும். பழைய ஹோட்டல் சாமான் வாங்கி விற்கிறவர்களின் கிடங்குக்குப் போ. பாய்லரிலும் கண்ணாடி கவுண்டரிலும் இந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியபடியே கிடக்கிறதா, எவ்வளவு புதுசாக இருக்கிறது என்று பார். என்ன விலைக்கு எடுத்தார்கள், கொடுத்தவர் யார் என்று பேச்சுக் கொடு. 15 லட்சத்தில் கடை மூடினால் எவ்வளவு திரும்பும் என்பது அங்கேதான் தெரியும். உள்ளலங்காரத்துக்குப் போட்டது ஒரு பைசா வராது.

கொடுத்தவர் யாராவது போனில் கிடைத்தால், "எங்க கடை ஓடுமா" என்று கேட்காதே. அவரோடு சேர்ந்து தொடங்கியவர்கள் எத்தனை பேர், இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேள். உளவியலாளர் டேனியல் கானமனின் அனுபவம் தெரியுமோ? இஸ்ரேலில் ஒரு குழுவாக உட்கார்ந்து பள்ளிப் பாடப்புத்தகம் எழுதினார்கள். முடிக்க இரண்டு வருடம் ஆகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குழுவில் இருந்த பாடத்திட்ட நிபுணரும் அதையேதான் சொன்னார். இதுபோன்ற மற்றக் குழுக்கள் என்ன ஆயின என்று அவரைக் கேட்டதும்தான், 40 சதவீதம் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கும் 7 வருடத்துக்குக் குறையவில்லை என்றார். தெரிந்த மனிதர்தான், ஆனால் கேட்கும் வரை அவருக்கே அது தோன்றவில்லை. அப்படியும் விடாமல் எழுதினார்கள். 8 வருடம் ஆயிற்று, புத்தகத்தை யாரும் பயன்படுத்தவும் இல்லை. உன் அண்ணன் மகனும் பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. டீ மாஸ்டர் சொல்லாமல் நின்றுவிடுவது அவன் கனவில் வராது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பையன் உழைப்பாளி, ஒரேயடியாகக் கைவிட வேண்டாம். பங்காகப் போடாமல் 3 லட்சம் கடனாகக் கொடு, பத்திரம் எழுதி வாங்கிக்கொள். அண்ணி முகம் கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசியில் கும்பகோணத்துக் கல்யாணத்துக்கு வருகிறேன். ஒரு நாள் முன்னதாகவே தஞ்சாவூர் வந்துவிடுகிறேன், கிடங்குக்குச் சேர்ந்தே போவோம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. ஒப்பந்தத்தின் நகலை வாட்ஸப்பில் அனுப்பு. இடையில் விலகினால் டெபாசிட் திரும்புமா என்கிற பக்கத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடு, போன தடவை அனுப்பியதில் உன் கட்டைவிரல்தான் தெரிந்தது.

உன்,
வசந்தி