மழை விட்ட பிறகு வரும் வெள்ளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசில், பொலிவியா, பராகுவே நாடுகளில் பரந்து கிடக்கும் பான்டனால் என்ற ஈரநிலம் பற்றிப் பேசும்போது, வெள்ளம் என்றால் பேரிடர், மீன் செத்து மிதந்தால் விஷம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அங்கே இரண்டுமே வாடிக்கை.

அது நிரந்தரச் சதுப்பல்ல. பராகுவே ஆறும் அதன் கிளைகளும் நிரம்பி வழியும் சமவெளி. ஆற்றின் போக்கில் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் சரிவு என்பதால் தண்ணீர் ஓடாது, ஊரும். அக்டோபரில் பிடிக்கும் மழை மார்ச் வாக்கில் ஓய்கிறது. வடக்கே காசெரெசில் அந்தச் சமயத்தில் உச்சம் தொடும் வெள்ளம், தெற்கே உள்ள கொரும்பாவுக்கு வந்துசேர மே, ஜூன் ஆகிவிடும். வானம் வெளுத்திருக்க, தரையில் தண்ணீர் ஏறும்.

அப்படி ஏறும் முதல் தண்ணீர் காய்ந்த புல்லை மூழ்கடிக்கிறது. புல் அழுக, நீரில் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு கூடுகிறது. மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பெரிய கெளுத்திகளும் சாகும். உள்ளூரில் இதற்கு 'தெகுவாடா' என்று பெயர்.

வெள்ளம் வராத ஆண்டுகள்தான் ஆபத்து. கொரும்பாவை அடுத்த லடாரியோவில் உள்ள அளவுகோலில் 1900 முதல் பராகுவே ஆற்றின் நீர்மட்டம் பதிவாகிறது. 2024 அக்டோபரில் அது மைனஸ் 69 சென்டிமீட்டருக்கு இறங்கியது. 1964-இன் மைனஸ் 61-ஐவிடக் கீழே. (மைனஸ் என்றால் ஆறு வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடியில் இல்லை, அவ்வளவே.)

நீர் பரவாத தரை காய்ந்து தீப்பிடிக்கும். மேலே தீ அணைந்தாலும் மக்கிய இலையும் வேரும் அடியில் புகைந்துகொண்டே நகரும். மேலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் போதாது. எரியாத ஈர மண் தட்டும்வரை பள்ளம் வெட்ட வேண்டும். 2020-இல் பிரேசில் பகுதியில் கால் பங்குக்கு மேல் எரிந்தது.

புல் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். மண்டுவி மரம் அப்படியல்ல. அங்குள்ள பெரிய நீல மக்கா கிளிகளின் கூடுகளில் பத்துக்கு ஒன்பது இந்த மரப் பொந்துகளில்தான். கிளி நுழையும் அளவுக்குப் பொந்து விழ மரத்துக்கு ஏறத்தாழ 60 வயதாவது ஆக வேண்டும். மண்டுவி விதைகளைப் பரப்புவதில் பெரும்பங்கு டோக்கோ டூக்கன் என்ற பெரிய அலகுப் பறவைக்கு. கிளியின் முட்டையை அதிகம் திருடுவதும் அதே டூக்கன்தான். திருடனை விரட்டினால் வீடு கட்ட ஆளில்லை! மரப்பெட்டிகள் கட்டிவைத்ததில் கிளிகள் குடியேறியது உண்மைதான். ஆனால் 2020-இல் கருகிய மரத்தின் இடத்தில் முளைத்த கன்று பொந்து தர 2080 ஆகும்.

— வாசகர், கோயம்புத்தூர்