லேப் மீட்டிங்கில் தமிழில் கேள்வி கேட்டால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகக் கணினி அறிவியலில் பிஎச்.டி. செய்கிறேன். சனிக்கிழமைதோறும் காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஓடுவது என் கைடு நடத்தும் லேப் மீட்டிங்குக்காக. நாலு வருஷமாக ஓடுகிறேன். நம் ஊரில் ஆராய்ச்சியின் தரம் என்று பேச்சு எடுத்தாலே எல்லாரும் நிதி, கட்டுரை எண்ணிக்கை, போலி ஜர்னல் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்; ஒரு லேபுக்குள் பத்துப் பேர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒருவர் முப்பது ஸ்லைடு போட்டு ஆங்கிலத்தில் வாசிப்பார். பாதிப் பேர் மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" கப்சிப். கைடு மட்டும் ஏதாவது கேட்பார். அப்புறம் ரெஜிஸ்டரில் கையெழுத்து, கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கான ஃபைலுக்கு இடமும் நேரமும் பதிந்த ஒரு ஜியோடேக் போட்டோ, முடிந்தது. வெளியூர்ப் பேராசிரியர் யாராவது கருத்தரங்குக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, அறிமுகவுரை எல்லாம் தாண்டி அவர் மைக்கைப் பிடிக்கும்போது சாப்பாட்டு நேரம் வந்திருக்கும்.

சரி, யாருக்கும் கேள்வியே தோன்றவில்லையா என்றால், தோன்றுகிறது. கேட் எதிரில் இருக்கிற டீக்கடைக்கு வந்ததும் தோன்றுகிறது. போன வருஷம் என் சீனியர் ஒருவர் நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில் கட்டியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளும் கணினி மாடல் ஒன்றைக் காட்டினார், துல்லியம் 98 சதவீதம். கைதட்டினோம். டீக்கடையில் முதல் வருஷ மாணவி ஒருவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, "அண்ணா, ஒரு பேஷன்ட்டுக்கே நூறு ஸ்லைஸ் படம் இருக்கே, பயிற்சிக்கு, சோதனைக்குன்னு எல்லாத்தையும் கலைச்சுப்போட்டுப் பிரிச்சீங்களா, ஆள் ஆளாப் பிரிச்சீங்களா?" என்றார். சீனியர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சியிலும் இருந்தன, சோதனையிலும் இருந்தன. மாடல் நோயைக் கற்றதா, ஆளை அடையாளம் வைத்துக்கொண்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டியதில் 81க்கு வந்து நின்றது. "இதை ஏம்மா உள்ளேயே கேட்கல?" என்றேன். "இங்கிலீஷ்ல எப்படிக் கேக்குறதுன்னு மனசுக்குள்ள கோத்துக்கிட்டே இருந்தேன் சார், அதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சிடுச்சு."

அந்தக் கட்டுரை அப்படியே போயிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுரை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், மாநாட்டிலும் அதில்தான் பேசியாக வேண்டும். 2022ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழு முன்னால் நின்று வேலை எவ்வளவு நகர்ந்தது என்று காட்டுகிறோமே, அங்கே கோட் போட்டுக்கொண்டு ஆங்கிலத்திலேயே பேசலாம். வாராந்தர லேப் மீட்டிங் வேறு. இது நம் வீட்டு அடுக்களை மாதிரி, அரைகுறையாக வெந்ததைத் திறந்து பார்க்கிற இடம். இங்கேயும் சபைப் பேச்சு எதற்கு?

டைக்ஸ்ட்ராவின் பெயர் கணினி படித்த எல்லாருக்கும் தெரியும், இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் எழுதியவர், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1972ல் பெற்றவர். அவர் நெதர்லாந்தின் ஐந்தோவனில் செவ்வாய்க்கிழமை மதியந்தோறும் சிலரை உட்காரவைத்து ஒரு கட்டுரையை எடுத்து அலசுவார். 1984ல் அமெரிக்காவின் ஆஸ்டினுக்குக் குடிபோனபோது அந்தச் செவ்வாய்க்கிழமையையும் கூடவே கொண்டுபோனார். முப்பது ஸ்லைடை ஒரு மணி நேரத்தில் தள்ளுகிற நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

டீக்கடைச் சம்பவத்துக்கு அப்புறம் எங்கள் கைடு, அரை மனசோடுதான், கேள்வியைத் தமிழில் கேட்கலாம் என்று விட்டார். இரண்டு மாசம் ஆகிறது. ஒரு வாரம், சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாடலை அறிமுகப்படுத்திய 2017ம் வருஷக் கட்டுரையை எடுத்தோம். ஒருவர் அதில் எந்தச் சொல் எந்தச் சொல்லை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று கணக்கிடும் சூத்திரத்தைக் காட்டி, "கீழே ஏன் வர்க்கமூலத்தால வகுக்கிறாங்க?" என்றார். நாற்பது நிமிஷம் அந்த ஒரு வரியிலேயே போனது. ஒரு சொல்லின் 64 எண்களை இன்னொரு சொல்லின் 64 எண்களோடு பெருக்கிக் கூட்டினால் தொகையின் ஏற்ற இறக்கம் எட்டு மடங்கு ஆகிவிடும், அதை அப்படியே சொற்களுக்குப் பங்கு பிரிக்கிற சாஃப்ட்மேக்ஸுக்குள் விட்டால் மதிப்பு முழுக்க ஒரே சொல்லுக்குப் போய்விடும், எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று வழிகாட்டும் கிரேடியன்ட் செத்துப்போய் மாடல் கற்காது, அதனால் 64ன் வர்க்கமூலமான எட்டால் வகுத்துத் தணிக்கிறார்கள். கைடே எழுந்து போர்டில் போட்டுக் காட்டிவிட்டு, "நானும் இத்தனை நாள் இதை அப்படியே நம்பிக்கிட்டிருந்தேன்பா" என்றார். நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று நான் கேட்டதில்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை. லேபில் ஒடிசாக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது, கூட்டம் இழுக்கிறது. இழுக்கட்டும். துறைத் தலைவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான்: வாராந்தரக் கூட்டத்தில் எந்த மொழியில் வேண்டுமானாலும் வாயைத் திறக்கலாம் என்று முதல் வருஷப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், போட்டோவைக் கருத்தரங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓடாத புரோகிராமையும் வராத ரிசல்ட்டையும் கொண்டுவருகிறவர்களை முறைக்காதீர்கள்.

வரும் சனிக்கிழமை என் முறை. மூன்று வாரமாக இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற லாஸ் வரைபடம் (மாடல் செய்யும் பிழையின் அளவைக் காட்டுவது) ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த மாணவி என்ன கேட்கப் போகிறாரோ.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத பகுதிநேர ஆராய்ச்சி மாணவர்,
மதுரை மாவட்டம்.